பூகம்பமும் புனைகதையும்

கதை புனைவோர்க்குப் பொய் கூறும் உரிமை உண்டென்பது உலகம் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டு வந்துள்ள செய்தி. நரி பேசலாம், மரம் நடக்கலாம், மாண்டவன் எழுந்து வந்து வழக்குரைக்கலாம். இவற்றை எவரும் பொய்யென்று இகழ்வதில்லை. ஆயினும் அவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டா, உண்டெனில் அது யாண்டுளது என்னும் வினா, 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து இரவொன்றில் நமது தோட்டத்து வாசகசாலையில் நம்மை வந்து பற்றிக்கொண்டது. இன்றளவும் அது நம்மை விட்டபாடில்லை. நேயர்களும் நம்மோடு சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்றே இதனை எழுதத் துணிந்தோம்.

அம்மாதம் 5ஆம் நாள் இந்தோனேசியாவைச் சேர்ந்த லொம்போக் தீவில் 6.9 அளவுடைய பூகம்பம் நிகழ்ந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னர் ஒன்று வந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து மற்றொன்றும் வந்தது. 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றுக்கிடையில், வானிற் சுழலும் துணைக்கோள் எடுத்த அளவுகளைக் கொண்டு, அத்தீவின் வடமேற்குப் பகுதி 25 சென்டிமீட்டர் வரை உயர்ந்துவிட்டதென விஞ்ஞானிகள் கணித்துரைத்த செய்தி வெளியாயிற்று. ஒரு தீவின் தரை ஒரு சாண் மேலே எழும்பி நிற்கிறது! எழுத்தார்வம் உடைய எவருக்கும் இச்செய்தி உறக்கத்தைக் கெடுக்காமல் விடாது.

நமது தோட்டத்து இளைஞர் ஒருவர்க்கும் அது உறக்கத்தைக் கெடுத்தது. நான்கே நாளில் அதனைக் கதையாக்கி வந்து வாசகசாலையிற் படித்தார். கதை இது: தீவு சிறிது சிறிதாக எழும்புவதை ஒரு பேராசிரியர் கண்டுபிடிக்கிறார். பூகம்பம் வரும் நாளையும் நாழிகையையும் கணித்துச் சொல்கிறார். ஊர்த் தலைவன் கேளாது நகைக்கிறான். அவ்வூர் சூதும் குடியும் மலிந்த ஊர். தலைவனோ ஏழைப் பெண்ணொருத்தியைக் கெடுத்தவன். குறித்த நாழிகையில் நிலம் பிளந்து ஊரை விழுங்குகிறது. பேராசிரியரும் அப்பெண்ணும் மட்டும் பிழைக்கின்றனர். நடை நன்றாகவே இருந்தது. கேட்டோர் கைதட்டினர். நாமும் தட்டினோம்.

வாசகசாலைத் திண்ணையில் ஒருவர் அமர்ந்திருந்தார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர், லொம்போக் தீவினர். நமது தோட்டத்தில் அத்தீவினர் பலர் உண்டு. மூன்று நாட்களுக்கு முன்னர்தான் அவர் ஆபீசுக்கு வந்து, ஊருக்கு அனுப்பச் சம்பளத்தில் முன்பணம் கேட்டிருந்தார். தமிழ் அறியாதவராயினும், ‘லொம்போக்’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் செவியில் விழுந்தமையால் உள்ளே எட்டிப் பார்த்து, “பாக், எங்கள் ஊரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?” என்று மலாயில் வினவினார்.

நமக்கு நா எழவில்லை. ‘உங்கள் ஊர் பாவத்தால் அழிந்ததென்று ஒரு பிள்ளை கதை எழுதியிருக்கிறான், நாங்கள் கைதட்டினோம்’ என்று எவ்வாறு மொழிபெயர்ப்பது? “உங்கள் மக்கள் படும் துயரத்தைப் பேசுகிறோம்” என்று கூறினோம். அவர் நன்றி சொல்லித் தலை வணங்கினார். கதை எழுதிய பிள்ளை அன்று சொன்ன பொய்யைக் காட்டிலும் நாம் சொன்ன பொய்தான் பெரிது என்று இரவெல்லாம் தோன்றிற்று.

அவ்விளைஞரைக் குறை கூறி நாம் தப்ப எண்ணவில்லை. நாமும் ஒரு காலத்தில் அதே குற்றம் புரிந்தவரே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவுக்கு மேற்கே எழுந்த பேரலை பினாங்கு, கெடா கரைகளையும் தாக்கி, இந்நாட்டில் 68 பேரைக் கொண்டுபோனது. அப்போது பள்ளி மாணவராயிருந்த நாம், விஞ்ஞானத்தை ஆங்கில வாயிலாகப் படிக்கும் செருக்கில், ஒரு கிழ ஆமை மீனவர்க்கு எச்சரிக்கை செய்வதாக ஒரு கதை எழுதினோம். நல்வினைப் பயனாக எந்தப் பத்திரிகையும் அதனை ஏற்கவில்லை.

நிற்க. துயருற்றோர் செவிக்கு எட்டக் கூடாத கதை எழுதத் தகாத கதை என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வளவு எளிதன்று. உண்மையும் துயருற்றோரைச் சுடும். பிள்ளையை இழந்த தாய்க்கு எந்தக் கதைதான் இனிக்கும்? ஆதலின் நோவு உண்டாகிறதா என்பது அளவுகோல் ஆகாது. லொம்போக் அன்பர்க்கு அக்கதையைச் சொல்ல நாம் கூசியது, அது துயரக் கதை என்பதால் அன்று. அவர் ஊர் அழிந்ததற்கு இல்லாத காரணம் ஒன்றை அது கற்பித்தது. அக்காரணத்தின் பழி மாண்டவர் தலையில் விழுந்தது. குற்றம் அங்குதான் உளது என்று எண்ணுகின்றோம்.

இக்குற்றம் சிறியோர் மட்டும் செய்வதன்று. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் வந்து பல்லாயிரவர் மாண்டபோது, அது தீண்டாமை என்னும் பாவத்திற்குக் கடவுள் அளித்த தண்டனை என்று காந்தியடிகள் கூறினார். தீண்டாமை கொடும் பாவம் என்பதில் நமக்கு ஐயமில்லை; அதனை ஒழிக்கப் பாடுபடுவோர் பக்கமே நாம் நிற்கின்றோம். ஆயினும் கவி தாகூர் அக்கூற்றை மறுத்தெழுதினார். காந்தியடிகளும் அம்மறுப்பைத் தமது ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு விடையும் கூறினார். இயற்கைச் சேதத்திற்கு இயற்கையிலேயே காரணம் உண்டு, அறத்தை அதனோடு முடிபோடலாகாது என்பது தாகூரின் வாதம். மேலும், இதே வாதத்தை வைதிகர் எடுத்துக்கொண்டு, தீண்டாமையை ஒழிக்கப் புகுந்த குற்றத்திற்கே பூமி நடுங்கியது என்று சொன்னால் விடை யாது என்றும் அவர் சுட்டிக் காட்டினார். நாம் ஒன்று கூட்டுவோம்: பீகாரில் இடிந்த குடிசைகளில் தீண்டப்படாதார் குடிசைகளும் இருந்தனவன்றோ? அவர்கள் எப்பாவத்திற்காக மாண்டனர்? நல்ல நோக்கத்திற்காகச் சொல்லப்பட்ட காரணமாயினும், பொய்க் காரணம் முதலில் மிதிப்பது ஏழையைத்தான்.

பொய்க் காரணம் கொலையாகவும் முடியும். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நண்பகலில் தோக்கியோ, யோக்கஹாமா நகரங்கள் இடிந்து எரிந்து, 100,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றிரவே, கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர் என்று ஒரு கதை தெருத் தெருவாய் ஓடிற்று. அதனை எவரும் கதையென்று கேட்கவில்லை, செய்தியென்றே கேட்டனர். அவர்களிடம் பிழைக்க வந்திருந்த கொரியர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பிழைப்புத் தேடி அயல்நாடு வந்து லயத்தில் குடியேறிய இனத்தவராகிய நாம், இதனைப் படித்துவிட்டு அவ்வளவில் ஏட்டை மூடிவிட இயலாது.

அங்ஙனமாயின் பூகம்பத்தைக் கதையாக எழுதுவதே தகாது என்று கூறுவோர் உளர். அவர்க்கு நாம் ‘கான்டீட்’ என்னும் நூலைக் காட்டுவோம். 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், திருநாட் காலையில், கோயில்களில் மக்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் இடிந்து வீழ்ந்தது. கடவுளின் சினம் என்றனர் பாதிரிமார். நான்காண்டு கழித்து வால்டேர் எழுதிய அக்கதையில், இனிப் பூகம்பம் வாராதிருக்கச் சிலரைத் தண்டித்து எரிப்பதே வழியென்று அறிஞர் கூடி முடிவு செய்கின்றனர், எரிக்கின்றனர், அன்றே பூமி மறுபடியும் நடுங்குகிறது. கதையில் எவ்வளவோ நடக்கவொண்ணாத நிகழ்ச்சிகள் உள. பூமியைப் பற்றி மட்டும் அது பொய் சொல்லவில்லை.

அதே லிஸ்பனைப் பற்றி வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ மற்றொன்று சொன்னார்: ஆறு மாடி ஏழு மாடியாக 20,000 வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அன்று. பூகம்பம் பற்றிய கதைக்கு வில்லன் வேண்டுவோர் தேட வேண்டிய இடத்தை அவர் காட்டிவிட்டார் என்போம். நிலம் நடுங்குவதால் மாள்வோரினும் வீடு விழுவதால் மாள்வோரே மிகுதி.

இனி அந்தப் பேராசிரியரைப் பற்றி ஒரு சொல். நாளும் நாழிகையும் குறித்துப் பூகம்பத்தை முன்னறிவிக்கும் வித்தை இன்றைய விஞ்ஞானத்திற்கு இல்லை. 1975ஆம் ஆண்டு பிப்ரவரியில் சீனத்து ஹைசெங் நகரை முன்கூட்டியே காலி செய்து பல உயிர்களைக் காத்தது உண்மையே. ஆயின் அடுத்த ஆண்டே தாங்ஷான் நகரம் எச்சரிக்கையின்றி வீழ்ந்தது. 240,000 பேருக்கு மேல் மாண்டனர். பேராசிரியர் வந்து நாள் குறிப்பார் என்று கதையிற் படித்துப் பழகியவர், அவர் வரும் வரையில் சுவரைப் பழுது பார்க்க மாட்டார்.

இத்துணையும் சொன்ன பின்னர், நம்மை உண்மையிலேயே தடுமாறச் செய்யும் கதை ஒன்றுக்கு வருவோம். செய்தியைத் திரித்த கதை. அதனால் உயிர் காத்த கதை.

1896ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் மாலை, ஜப்பானின் வடகிழக்குக் கரையில் பூமி மெல்ல நடுங்கிற்று. மெல்லிய நடுக்கம் ஆதலின் எவரும் அஞ்சவில்லை. அரைமணி நேரத்திற்குப் பின்னர்ப் பேரலை வந்து 22,000 பேரைக் கொண்டுபோயிற்று. அச்செய்தி வெளிவந்த காலத்தில், ஜப்பானிலேயே குடியேறி வாழ்ந்த லாஃப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர், பழைய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக் கதையாக்கினார். மலைமேட்டில் வாழும் கிழவர் ஒருவர். கீழே கடற்கரையில் ஊரார் விழாக் கொண்டாட்டத்தில் இருக்கின்றனர். மெல்லிய நடுக்கம் ஒன்று வருகிறது, கடல் பின்வாங்குகிறது. கிழவர்க்குப் பொருள் விளங்குகிறது. ஓடிச் சொல்ல நேரமில்லை. அறுத்துக் குவித்த தமது நெற்போரில் தாமே தீ வைக்கிறார். தீயை அணைக்க ஊரே மலையேறி ஓடிவருகிறது, பின்னால் அலை வந்து ஊரை அழிக்கிறது, மக்கள் பிழைக்கின்றனர். பின்னர் ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் இதனைச் சுருக்கி எழுத, 1937 முதல் 1947 வரை அது அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும் பாடமாயிற்று.

உண்மை நிகழ்ச்சி யாது? 1854ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கீ தீபகற்பத்தின் ஹிரோ என்னும் ஊர். ஹமாகுச்சி கொர்யோ கிழவர் அல்லர். முப்பத்தைந்து வயதை ஒட்டியவர். சோயா ரசம் காய்ச்சும் வணிகக் குடும்பத்தினர். நடுக்கம் மெல்லியதன்று, கொடியது. அவர் தீ வைத்தது அலை வருமுன் எச்சரிக்க அன்று. அலை வந்த பின், இருளில் வழி தெரியாது தத்தளித்தோர்க்கு மேட்டுக் கோயிலுக்கு வழி காட்ட.

ஆகவே ஹெர்ன் பொய் சொன்னாரா? சொன்னார். ஆயினும், மெல்லிய நடுக்கம் வந்து பேரலை தொடரும் என்பது 1854இன் ஹிரோ ஊருக்குப் பொருந்தாவிடினும், 1896இன் வடகிழக்குக் கரைக்கு முற்றும் பொருந்தும். அத்தகைய பூகம்பங்கள் உண்டென்று பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் விஞ்ஞானிகளே தனிப் பெயரிட்டு வகுத்தனர். ஆளைப் பற்றி அக்கதை பிழை. கடலைப் பற்றி அக்கதை மெய். ஒரு மனிதரின் வயதை மாற்றுவதும், கடலின் குணத்தை மாற்றுவதும் ஒரே தட்டில் வைக்கத்தக்க பொய்களல்ல என்று இங்கேதான் நாம் முதலில் உணர்ந்தோம்.

அவ்வாறு உணர்ந்து சிறிது அமைதியுற்றபோது மற்றொரு முள் குத்திற்று. கடல் பின்வாங்கினால் ஓடு என்று அக்கதை கற்பிக்கிறது. எல்லாப் பேரலையும் கடலைப் பின்வாங்கச் செய்துதான் வருமா? 2004இல் நிகழ்ந்ததைப் பாருங்கள். சுமத்திராவுக்கு மேற்கே, கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் அழுந்திச் செல்கிறது. மேல் தட்டின் விளிம்பு சிக்கிக்கொண்டு, நூற்றாண்டுக் கணக்கில் வில்போல் வளைகிறது. அன்று 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு அது விடுபட்டது. விளிம்பு மேலே துள்ளியது, அதன் கிழக்குப் புறம் தாழ்ந்தது. எனவே கிழக்கே சென்ற அலைக்கு முன்னால் பள்ளம் சென்றது. தாய்லாந்துக் கரையில் கடல் பின்வாங்கிற்று. அங்கே பூகோள வகுப்பிற் கேட்டதை நினைவிற் கொண்ட பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி கடற்கரையிலிருந்தோரை எச்சரித்துக் காத்தாள். மேற்கே சென்ற அலைக்கு முன்னாலோ முகடு சென்றது. தமிழ்நாட்டுக் கரைக்குக் கடல் ஏறிக்கொண்டே வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். பின்வாங்கும் கடலுக்காகக் காத்திருந்தால் அங்கே ஓட நேரம் ஏது? நல்ல கதையும் அரை உண்மையை முழு உண்மையென விதைத்தால், அந்த மற்றைப் பாதிக்கு விலை கொடுப்போர் எங்கோ ஒரு கரையில் இருக்கின்றனர்.

பேரலையின் பிறப்பிடத்திற்கு மிக அருகில் சிமெலு என்னும் தீவு உளது. அங்கே 1907இல் ஒரு பேரலை வந்து பலரைக் கொன்றது. பிழைத்தோர் அதனைப் பாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். ‘ஸ்மோங்’ என்பது அவ்வலைக்கு அவர்கள் இட்ட பெயர். நிலம் பலமாக நடுங்கினால் எதையும் எடுக்க நில்லாமல் மலைக்கு ஓடு என்பதே அக்கதையின் சாரம். 2004இல் சில நிமிஷங்களில் அலை வந்தது. 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் மாண்டோர் எழுவர். அக்கதையை எழுதியவர் யாரென்று எவரும் அறியார். அதில் பேராசிரியர் இல்லை, பாவி இல்லை, காதலரும் இல்லை.

ஹமாகுச்சியிடம் மீள்வோம், ஏனெனில் ஹெர்னின் கதையிலும் பள்ளிப் பாடத்திலும் விடுபட்ட ஒன்று நமக்கு, கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியாதலின், பெரிதும் முக்கியமாகப் படுகிறது. அலை வடிந்த பின் ஊராரிடம் வீடில்லை, வலையில்லை, வேலையில்லை. ஊரைவிட்டு ஓட இருந்தனர். ஹமாகுச்சி தம் சொந்தப் பணத்தில் 600 மீட்டர் நீளமும் 5 மீட்டர் உயரமும் உடைய ஓர் அணையைக் கட்டத் தொடங்கினார். அவ்வூராரையே வேலைக்கு அமர்த்தி அன்றாடம் கூலி கொடுத்தார். ஏறக்குறைய நான்காண்டுகள் வேலை நடந்தது. 1946ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் பேரலை வந்தபோது, அவர் மாண்டு அறுபதாண்டு கழிந்திருந்தது. அணை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. ஒரு மாலையில் எரிந்த வைக்கோல் கதையாயிற்று. நான்காண்டுக் கூலிக் கணக்கு கதையாகவில்லை. தீ கண்ணுக்கு அழகு; செக்ரோல் அழகன்று. ஆயினும் எழுதத் தெரிந்தவன் கைபட்டால் அந்தக் கூலிப் பட்டியலிலிருந்து எத்துணைப் பெரிய கதை எழும் என்று எண்ணி எண்ணி ஏங்குகின்றோம்.

இவற்றையெல்லாம் அடுத்த ஞாயிறன்று அவ்விளைஞரிடம் கூறினோம். “ஐயா, அப்படியானால் எழுதுவதற்கே அச்சமாக இருக்கிறது” என்றார். அப்போது லிஸ்பனைப் பற்றி மற்றொரு செய்தியும் நினைவுக்கு வந்தது. அந்நகரம் இடிந்த பின்னர், போர்ச்சுகல் நாட்டு மந்திரி பொம்பால் ஒவ்வொரு கோயிற்பற்றுக்கும் ஒரு வினாத்தாள் அனுப்பினார். எத்தனை நிமிஷம் நடுங்கிற்று? எத்தனை வீடு விழுந்தது? எத்தனை பேர் மாண்டனர்? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா? பாவம் யாருடையது என்னும் வினா அதில் இல்லை. பூகம்ப விஞ்ஞானத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்றும் அத்தாளைக் குறிப்பிடுகின்றனர். அவ்வகை வினாக்களோடு திண்ணையில் இருப்பவரிடம் போய்ப் பேசிப் பாரும், தம்பி என்றோம். அன்று அவரிடம் நாம் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொள்ள எண்ணி உடன் சென்றோம்.

ஒப்புக்கொண்டோம். அவர் கோபிக்கவில்லை. “கதைதானே, பாக்” என்றார். பின்னர் இளைஞர் கேட்ட ஒவ்வொன்றிற்கும் நிதானமாக விடை சொன்னார். வீடு பலகையும் மூங்கிலுமாய் இருந்த காலத்தில் எத்தனையோ நடுக்கம் வந்தும் விழுந்ததில்லை. அவர் இங்கு வந்து ஆறாண்டு குலை வெட்டி அனுப்பிய பணத்தில் தாயார் கல் வீடு கட்டினார். கம்பி வைத்த தூண் எழுப்பப் பணம் போதவில்லை. செங்கல்லின் மேல் செங்கல் வைத்துப் பூசி முடித்தனர். அந்த வீடுதான் விழுந்தது. தாயார் வாசலில் இருந்தமையால் பிழைத்தார். உள்ளே உறங்கிய தங்கையின் குழந்தை பிழைக்கவில்லை. “நான் அனுப்பிய வீடு” என்று இருமுறை சொன்னார்.

இளைஞர் கையிலிருந்த தாளில் அதுவரை எழுதி வந்தவர், அதற்கு மேல் எழுதவில்லை. நாமும் ஒன்றும் பேசவில்லை. ஆற்றுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று. மலாயிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

அவரே பேச்சை மாற்றினார். மறுபடியும் கட்டத்தான் வேண்டும், இம்முறை நான்கு மூலைக்கும் தூண் வைக்க வேண்டும் என்றார். மாதச் சம்பளத்தில் சாப்பாட்டுச் செலவு போக மீதியைச் சேர்த்தால், நான்கு தூணுக்கு வேண்டிய கம்பிக்கும் சிமெண்டுக்கும் எத்தனை மாதம் பிடிக்கும் என்று நம்மைக் கணக்குப் பார்க்கச் சொன்னார். இளைஞரின் தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். பதினான்கு மாதம் வந்தது. முன்பணம் கழித்தால் பதினைந்து.